விளக்கு எரிகிறது, இணையம் இல்லை: உப்புவெளியில் இரட்டை ரவுட்டர் வைத்த அனுபவம்

திருகோணமலையில் உப்புவெளி தொடங்கி நிலாவெளி வரை கடற்கரையோர ஹோட்டல்களில் இரண்டு இணைய இணைப்பு இருப்பது இப்போது சாதாரணம். ஒன்று வீதிக் கம்பங்களில் வருகிற ஃபைபர். மற்றது சிம் போட்ட 4ஜி ரவுட்டர். அலுமாரிக்கு மேலேயோ ஜன்னல் விளிம்பிலோ கிடக்கும். ஃபைபர் நின்றால் ரிசெப்ஷனில் நிற்கிற தம்பி ஓடிப்போய் ஒரு வயரைக் கழற்றி மற்றதில் குத்துவார். ஃபைபர் எப்போது திரும்பி வந்தது என்று யாருக்கும் தெரியாது. 4ஜி டேட்டா முடிகிற அன்றைக்குத்தான் தெரியவரும்.

மாரி காலத்தில் இது எப்படியோ ஒப்பேறும். மே முதல் செப்டெம்பர் வரை எங்களுக்கு சீசன், அப்போது சரிவராது. கார்ட் மெசின் நின்றால் கணக்கு முடித்துப் போகிறவர்கள் வரிசையில் நிற்பார்கள். புக்கிங் தளத்தில் விற்ற அறையையே நேரில் வந்தவருக்கும் கொடுத்துவிட்டு முழிக்க வேண்டிவரும். உப்புவெளியில் ஒரு நடுத்தர ஹோட்டலின் மனேஜர் என்னிடம் கேட்டது இவ்வளவுதான்: “தம்பி, லைன் போனாலும் சரி ரவுட்டர் போனாலும் சரி, எங்கட பெடியன் ஒருத்தனும் அந்த அலுமாரியைத் திறக்கக் கூடாது. செய்யலாமா?”

செய்யலாம். அதைச் செய்தபோது கற்றதையும், பிறகு நகரத்துக்குள்ளும் சீனக்குடாப் பக்கமும் வேறு இடங்களில் அதே வேலையைச் செய்தபோது மெருகேறியதையும் இங்கே எழுதுகிறேன். நான் மைக்ரோடிக் ரவுட்டர்களை வைத்துச் செய்தேன். மற்றக் கருவிகளிலும் சங்கதி ஒன்றுதான், கட்டளைகள்தான் வேறு.

முதலில் என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். எதையும் இரண்டாக வாங்கி வைப்பது காசு இருந்தால் முடிகிற காரியம். ஒன்று செத்துவிட்டது என்று யார் தீர்மானிப்பது, எதைப் பார்த்துத் தீர்மானிப்பது என்பதில்தான் முழு வேலையும் இருக்கிறது. முழுதாகச் சாகிற கருவியை நான் அதிகம் கண்டதில்லை. விளக்கெல்லாம் எரியும், போர்ட் பச்சையாக இருக்கும், உள்ளே ஒன்றும் ஓடாது. அப்படிப் பாதி உயிரோடு கிடப்பதுதான் ஆளை வருத்தும்.

பொது முகவரி

ஒரு ரவுட்டர் நின்றால் மற்றது தானாகவே அதன் இடத்தை எடுக்க வைப்பது வீஆர்ஆர்பி, 1998இலிருந்து இருக்கிற முறை. இரண்டு ரவுட்டரும் ஒரே லானில், அதாவது ஹோட்டலின் உள் வலையில், இருக்கும். ஒவ்வொன்றுக்கும் சொந்த முகவரி உண்டு. நான் வைத்தது 192.168.10.2, 192.168.10.3. இரண்டுக்கும் பொதுவாக 192.168.10.1. அறையில் இருக்கிற போன், கார்ட் மெசின், கமெரா எல்லாவற்றுக்கும் கேட்வே, அதாவது வெளியே போகிற வாசல், அந்தப் பொது முகவரிதான். மாஸ்டராக இருக்கிற ரவுட்டர் அதைக் கையில் வைத்துக்கொண்டு, ‘நான் இருக்கிறேன்’ என்று விநாடிக்கு ஒரு தடவை 224.0.0.18 என்ற மல்டிகாஸ்ட் (குழுவாகக் கேட்கிற) முகவரிக்கு ஒரு சிறு பக்கெட், அதாவது தரவுத் துண்டு, அனுப்பும்.

பேக்கப் ரவுட்டர் மூன்று அறிவிப்பு தவறும் வரை பொறுக்கும். அதற்கு மேலும் ஒரு சின்னத் தாமதம் உண்டு: 256இலிருந்து தன் முன்னுரிமை எண்ணை (யார் மாஸ்டர் என்பதற்கு நாங்கள் கொடுப்பது, கூடியது வெல்லும்) கழித்து, வருவதை 256ஆல் வகுத்தால் கிடைக்கிற விநாடி. முன்னுரிமை 100 என்றால் மொத்தம் 3.6 விநாடி ஆகும். முன்னுரிமை கூடிய ரவுட்டருக்குத் தாமதம் குறைவு என்பதால், மூன்று ரவுட்டர் இருக்கிற இடத்திலும் எல்லாம் ஒரேயடியாக எழும்பி அடிபடுவதில்லை. மாஸ்டரை நாமே ஒழுங்காக நிறுத்தினால் அது முன்னுரிமை 0 என்று கடைசி அறிவிப்பு ஒன்றை அனுப்பிவிட்டுப் போகும். அப்போது பேக்கப் அந்தச் சின்னத் தாமதத்தோடு, ஒரு விநாடிக்குள்ளேயே எழும்பிவிடும்.

ஐபி முகவரியோடு மெக் முகவரியும் (லானுக்குள் கருவியை அடையாளம் காட்டுகிற எண்) பொதுவானதுதான். அதன் முதல் ஐந்து பைட்டும் எங்கேயும் ஒன்றே, ஆறாவது பைட் இந்த ரவுட்டர் ஜோடிக்கு நாங்கள் கொடுக்கிற குழு எண். அதனால் மாஸ்டர் மாறினாலும் போன்களுக்கு ஒன்றும் தெரியாது. புது மாஸ்டர் யாரும் கேட்காமலே ஒரு ஏஆர்பி அறிவிப்பை (இந்த ஐபி இந்த மெக்கில் இருக்கிறது என்று சொல்வது) வீசும். அதைப் பார்த்து சுவிட்ச், அந்த மெக் இனி மற்றப் போர்ட்டில் என்று திருத்திக்கொள்ளும்.

குழு எண்ணுக்கு 1 போடாதீர்கள். எல்லாரும் 1தான் போடுகிறார்கள். பக்கத்து வில்லாவை வயர்லெஸ் பிரிட்ஜால் இணைத்து ஒரே லானாக வைத்திருக்கிற முதலாளிகள் இங்கே உண்டு. அங்கேயும் குழு எண் 1 இருந்தால் இரண்டு பக்கமும் ஒரே மெக் முகவரிக்கு உரிமை கேட்கும். 255 வரை எண் இருக்கிறது, 47 மாதிரி ஏதாவது போட்டுவிட்டால் தொல்லை இல்லை. பிஎஃப்சென்ஸ் போன்ற ஃபயர்வோல் பெட்டிகளில் இதே வேலைக்கு இருக்கிற காப் முறையும் வீஆர்ஆர்பியின் 112 என்ற ப்ரொடோகோல் எண்ணையும் இதே மெக் வரிசையையும் பாவிக்கிறது. ஆகவே காப்பும் வீஆர்ஆர்பியும் ஒரே லானில் ஒரே எண்ணோடு இருந்தாலும் இதே சண்டைதான். சிஸ்கோ இருக்கிற இடங்களில் அவர்களுடைய இதே மாதிரி முறையான எச்எஸ்ஆர்பி இருக்கும். அதில் வழமையாக 3 விநாடிக்கு ஒரு ஹலோ, 10 விநாடி பொறுமை. எண்களை மாற்றலாம், ஆனால் ஒருவரும் மாற்றுவதில்லை.

இவ்வளவையும் போட்டு, முதல் ரவுட்டரின் பிளக்கை இழுத்துப் பார்த்தால் அழகாக வேலை செய்யும். வட்ஸ்அப் கோல் ஒரு கணம் திக்கிவிட்டுத் தொடரும். மனேஜர் கைகொடுப்பார். பலர் இந்த இடத்திலேயே பில் எழுதிவிட்டு வந்துவிடுகிறார்கள்.

ஃபைபர் பெட்டியின் சிவப்பு விளக்கு

வீஆர்ஆர்பி பார்ப்பது லான் பக்கத்தை மட்டும். வெளியே இணையம் இருக்கிறதா என்பது அதற்குத் தெரியாது, அதன் வேலையும் அல்ல. நிலாவெளி வீதியில் ஒரு லொறி கம்பத்து வயரை இழுத்துக்கொண்டு போனால் ஃபைபர் பெட்டியில் ஒளி வரவில்லை என்று காட்டுகிற எல்ஓஎஸ் விளக்கு சிவப்பாக மின்னும். ஆனால் பெட்டிக்கும் ரவுட்டருக்கும் இடையிலுள்ள ஈதர்நெட் வயர் நன்றாகத்தான் இருக்கும். ரவுட்டரின் கண்ணுக்கு வெளி இன்டர்ஃபேஸ் ‘இயங்குகிறது’. அது தொடர்ந்து மாஸ்டராக இருந்து, ‘நான் இருக்கிறேன்’ என்று சொல்லிக்கொண்டு, வருகிற பக்கெட்டையெல்லாம் ஒன்றுமில்லாத பக்கத்துக்கு அனுப்பிக்கொண்டிருக்கும். பக்கத்தில் மற்ற ரவுட்டர் சும்மா இருக்கும்.

கேட்வேயை பிங் செய்து, அதாவது பதில் வருகிறதா என்று ஒரு பக்கெட் அனுப்பி, பார்க்கலாம்தான். ஃபைபர் பெட்டி தானே ரவுட்டராகவும் இயங்கினால் எங்கள் ரவுட்டருக்குக் கேட்வே அந்தப் பெட்டிதான். வெளியே எது அறுந்தாலும் அது பதில் சொல்லும். ஆகவே சோதனை அந்தப் பெட்டிக்கு அப்பால், இணையத்தில் இருக்கிற ஒரு முகவரிக்குப் போக வேண்டும். மைக்ரோடிக்கில் இதற்கு ரிகர்சிவ் ரவுட் என்ற வழி இருக்கிறது. வெளியே இருக்கிற ஒரு முகவரியை ஃபைபர் வழியாக மட்டும் போகும்படி கட்டிவைத்து, பொது ரவுட்டை (வெளியே போகிற எல்லாவற்றுக்குமான வழியை) அந்த முகவரியின் மேல் சாய்த்து வைப்பது. கேட்வே சோதனை 10 விநாடிக்கு ஒரு தடவை பிங் செய்யும். இரண்டு தடவை பதில் வராவிட்டால் ரவுட் விழும், 4ஜி ரவுட் எழும்பும். அதாவது ஏறக்குறைய 20 விநாடி. இது போதாதென்றால் நெட்வொட்ச் ஸ்கிரிப்ட் எழுதி வேகமாக்கலாம். ஹோட்டலுக்கு 20 விநாடி தாராளம்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. சோதனைக்கு 8.8.8.8 என்று போட்டால், அந்த முகவரி ஃபைபர் வழியாக மட்டுமே போகும் என்று கட்டிவிட்டீர்கள். ஃபைபர் அறுந்ததும் பொது ரவுட் ஒழுங்காக 4ஜிக்கு மாறும். ஆனால் தன் போனில் டிஎன்எஸ் (தளத்தின் பெயருக்கு முகவரி தேடித் தருவது) 8.8.8.8 என்று வைத்திருக்கிற விருந்தினருக்கு இணையம் வராது. அவருடைய கேள்விகள் அறுந்த ஃபைபருக்குத்தான் இன்னும் போகும். ‘சிலருக்கு வேலை செய்கிறது, சிலருக்கு இல்லை’ என்று புகார் வந்தால் முதலில் இதைப் பாருங்கள். சோதனைக்கு ஆட்கள் அவ்வளவாக டிஎன்எஸ்ஸாக வைக்காத, ஆனால் நம்பகமாகப் பதில் சொல்கிற முகவரிகளைத் தேர்ந்தெடுங்கள். நான் ஒரு லைனுக்கு 9.9.9.9, மற்ற லைனுக்கு 208.67.222.222 வைக்கிறேன். ஒரு முகவரியை மட்டும் நம்பாமல் லைனுக்கு இரண்டு வைத்து, இரண்டும் மௌனமானால்தான் லைன் செத்தது என்று எடுப்பது இன்னும் நல்லது. யாரோ தூரத்தில் தங்கள் சேவரைத் திருத்துகிறார்கள் என்பதற்காக உப்புவெளியில் லைன் மாற வேண்டியதில்லை.

அடுத்தது, எந்த லைன் எந்த ரவுட்டருக்குள் போவது. ஃபைபர் முதல் ரவுட்டருக்கு, 4ஜி இரண்டாவதற்கு என்று கொடுப்பதுதான் எல்லாருக்கும் முதலில் தோன்றுவது. அப்படிச் செய்தால் லைன் போகிறபோது ரவுட்டரும் மாற வேண்டும். ஒரு ஸ்கிரிப்ட் முன்னுரிமையை 200இலிருந்து 50க்கு இறக்க வேண்டும். லினக்ஸில் வீஆர்ஆர்பிக்குக் கீப்அலைவ்டி என்ற மென்பொருளைப் பாவிக்கிறவர்கள் இதையே ட்ராக் ஸ்கிரிப்டும் எடையும் கொடுத்துச் செய்வார்கள். வேலை செய்யும். ஆனால் ஃபைபர் போயிருக்கிற நேரத்தில் இரண்டாவது ரவுட்டரும் போனால், முதல் ரவுட்டர் உயிரோடு இருந்தும், 4ஜி உயிரோடு இருந்தும், பிரயோசனமில்லை.

ஃபைபர் பெட்டியை ரவுட்டர் நிலையிலேயே விட்டு, அதன் இரண்டு லான் போர்ட்டிலிருந்து இரண்டு ரவுட்டருக்கும் வயர் இழுப்பதுதான் எனக்குப் பிடித்தது. 4ஜி பெட்டியிலிருந்தும் அப்படியே. இரண்டு ரவுட்டரும் இரண்டு லைனையும் பார்க்கும். லைன் போனால் அந்தந்த ரவுட்டர் தன் ரவுட் அட்டவணைக்குள்ளேயே சமாளிக்கும்; ரவுட்டர் போனால் மட்டும் வீஆர்ஆர்பி. இரண்டு வியாதிக்கும் தனித்தனி மருந்து. இரட்டை நாட் (NAT, உள் முகவரியை வெளி முகவரியாக மாற்றுவது) ஆகிறது என்று சிலர் முகம் சுளிப்பார்கள். ஹோட்டல் விருந்தினருக்கு அது ஒரு பொருட்டே அல்ல. வெளியிலிருந்து கமெரா பார்க்க வேண்டியவர்களுக்கு மட்டும் கொஞ்சம் யோசிக்க வேண்டும்; அதிலும் 4ஜி பக்கம் பெரும்பாலும் கம்பனியின் பொது NAT-க்குப் பின்னால்தான், 100.64 என்று தொடங்குகிற முகவரி வரும், உள்ளே வர வழியே இல்லை. வெளியே இருக்கிற ஒரு சேவருக்கு ரவுட்டரே விபிஎன் (தனிச் சுரங்க வழி) கட்டிக்கொண்டு போவது ஒன்றுதான் அதற்கு வழி.

போவதற்கு அவசரம், வருவதற்கு நிதானம்

வடகீழ்ப் பருவ மழையில் லைன் ஒரேயடியாகப் போவதில்லை. போகும், வரும், போகும். ஒவ்வொரு வரவுக்கும் மாறிக்கொண்டிருந்தால் விருந்தினருக்கு இரண்டு லைனும் இல்லாத மாதிரி. கேட்வே சோதனைக்கு இந்த நிதானம் தெரியாது. ஒரு பதில் வந்தாலே லைன் சரி என்று எடுத்துக்கொள்ளும். ஸ்கிரிப்டில் நான் வைப்பது: செத்ததாக எடுக்க மூன்று தவறு போதும், திரும்பியதாக எடுக்க ஐந்து நிமிடம் தொடர்ந்து பதில் வர வேண்டும். கீப்அலைவ்டியில் ஃபோல் (விழ), ரைஸ் (எழ) என்று இரண்டு எண் இருப்பது இதற்குத்தான்.

ரவுட்டர் திரும்பி வருவதிலும் இதே கதை. முன்னுரிமை கூடியது திரும்பி வந்ததும் மாஸ்டர் பதவியைப் பறித்துக்கொள்வது வீஆர்ஆர்பியில் வழமையாகவே இருக்கும். எச்எஸ்ஆர்பியில் நாங்கள் சொன்னால்தான் செய்யும். புதிதாக எழும்பிய ரவுட்டருக்கு லான் போர்ட் உடனே வந்துவிடும். வெளிப் பக்கம் முகவரி எடுத்து, சோதனை முடிந்து, ரவுட் எழும்ப நேரம் எடுக்கும். அந்த இடைவெளியில் பதவியைப் பறித்தால் நன்றாக ஓடிக்கொண்டிருந்த இணையம் நிற்கும். கரண்ட் போனபோது விருந்தினர் ஒன்றும் உணரவில்லை, கரண்ட் வந்தபோதுதான் இணையம் போனது என்று ஒரு இடத்தில் சொன்னார்கள், காரணம் இதுதான். இரண்டு ரவுட்டரும் ஒரே மொடல் என்றால் பறிப்பதை நிறுத்திவிடுங்கள். எது மாஸ்டராக இருந்தால் என்ன?

ஒரு நுணுக்கம். சுவிட்ச் போர்ட்டில் பழைய ஸ்பானிங் ட்ரீ (வயர்கள் வளையமாகாமல் பார்க்கிற முறை) இருந்தால், வயர் குத்தியதும் 15ம் 15மாக 30 விநாடி அது பக்கெட்டை விடாது. அந்த நேரத்தில் ரவுட்டருக்கு மற்றவரின் அறிவிப்பு கேட்காது. தான்தான் மாஸ்டர் என்று நினைத்துக்கொள்ளும். போர்ட் திறந்ததும் இரண்டு மாஸ்டரும் சந்தித்து, முன்னுரிமை கூடியது வெல்லும். பறிப்பதை நிறுத்தியிருந்தாலும் அப்படித்தான் நடக்கும். ரவுட்டர் குத்துகிற போர்ட்களை எட்ஜ் போர்ட் (காத்திருக்காமல் உடனே திறப்பது) என்று அறிவித்துவிட்டால் இது தீரும்.

பழைய இணைப்புகளின் பேய்

லைன் மாறிய பிறகும் ஐபி போன்கள் மட்டும் எழும்பாமல் கிடந்தால் ரவுட்டரின் கனெக்ஷன் அட்டவணையை (நடக்கிற இணைப்புகளின் பதிவை) பாருங்கள். வெளி இன்டர்ஃபேஸ் உண்மையாகவே விழுந்தால், முகவரி மாற்றுகிற மாஸ்கரேட் விதி அந்த வழியான இணைப்புகளைத் துடைத்துவிடும். பிங் சோதனையால் ரவுட் மட்டும் மாறும்போது இன்டர்ஃபேஸ் விழவில்லை. பழைய பதிவு பழைய முகவரியோடு அப்படியே இருக்கும். அந்தப் பதிவு சும்மா இருந்தால் 3 நிமிடத்தில் காலாவதியாகும். ஆனால் போன் அரை நிமிடத்துக்கு ஒரு தடவை உயிர்ப்புப் பக்கெட் அனுப்பிக்கொண்டே இருப்பதால் அது சாவதே இல்லை. பக்கெட் 4ஜி வழியாக ஃபைபர் பக்கத்து முகவரியோடு போகும், பதில் வராது. லைன் மாறுகிற ஸ்கிரிப்டிலேயே பழைய லைனின் பதிவுகளை நீக்குகிற வரியைச் சேருங்கள். ரவுட்டர் மாறும்போது இணைப்புகளை மற்றப் பெட்டிக்கும் தெரியப்படுத்துகிற வசதி மைக்ரோடிக்கின் மென்பொருளான ரவுட்டர்ஓஎஸ் 7இல் வந்திருக்கிறது. ஹோட்டலுக்கு அது தேவையென்று நான் நினைக்கவில்லை. கார்ட் மெசின் தானாகவே மறுபடி இணைக்கும்.

கருவிகளுக்குத் தானாக முகவரி கொடுக்கிற டிஎச்சிபி பற்றிச் சுருக்கமாக: இரண்டு ரவுட்டரும் முகவரி கொடுக்கட்டும், ஆனால் வேறு வேறு வீச்சில், ஒன்று 50 முதல் 150 வரை, மற்றது 151 முதல் 250 வரை. கேட்வேயும் டிஎன்எஸ்ஸும் இரண்டிலுமே பொது முகவரியாக இருக்க வேண்டும். டிஎன்எஸ்ஸை மறந்து 192.168.10.2 என்று விட்டுவிட்டுப் போன இடங்களைப் பார்த்திருக்கிறேன். ரவுட்டர் மாறும், பிங் போகும், ஒரு தளமும் திறக்காது.

மைக்ரோடிக்கில் வீஆர்ஆர்பி ஒரு தனி இன்டர்ஃபேஸாக உருவாகிறது. வழமையான ஃபயர்வோல், லான் பட்டியலில் இல்லாத இன்டர்ஃபேஸிலிருந்து ரவுட்டருக்கு வருவதை வீசிவிடும். ஆகவே புது இன்டர்ஃபேஸை அந்தப் பட்டியலில் சேர்க்காவிட்டால் பொது முகவரிக்கு வருகிற டிஎன்எஸ் கேள்விகள் வாசலிலேயே நின்றுவிடும். ஃபயர்வோலை இறுக்கி எழுதுகிறவர்கள் 112ஆம் ப்ரொடோகோலையும் மறக்காமல் உள்ளே விட வேண்டும். அது தடைபட்டால் இரண்டு ரவுட்டரும் மாஸ்டர் ஆகிவிடும். இணையம் முழுதாக நிற்காது, இழுபறியாக ஓடும். அதனால் கண்டுபிடிப்பது கஷ்டம். இரண்டு பெட்டியையும் ஒரே நேரத்தில் திறந்து நிலையைப் பாருங்கள், இரண்டிலும் மாஸ்டர் என்று இருந்தால் விசயம் விளங்கிவிடும்.

உப்பு, வயர், கரண்ட்

எங்கள் கடற்கரையில் செம்பு எதுவும் கொஞ்ச நாளில் பச்சைக் களிம்பு பிடிக்கும். கடலைப் பார்த்த சுவரில் இருக்கிற பெட்டியில் ஆர்ஜே45 முனை முதலில் போகும். அதுவும் ஒரேயடியாகப் போகாது. ஆயிரம் எம்பிபிஎஸ் நூறாக இறங்கும், பிறகு பிழைப் பக்கெட்கள் ஏறும், விளக்கு மட்டும் எரிந்துகொண்டே இருக்கும். ரவுட்டரிலிருந்து சுவிட்சுக்கு இரண்டு வயர் போட்டு அவற்றை ஒன்றாகக் கட்டி (பொண்டிங்) இருந்தாலும், லிங்க் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கிற எம்ஐஐ சோதனை இதைப் பிடிக்காது. ஏஆர்பி சோதனையை வைத்தால் மறுபக்கத்திலிருந்து பதில் வருகிறதா என்று பார்க்கும். முழுதாகப் பேச்சு நின்றால் பிடிக்கும். அதுகூட பிழை கூடிக்கொண்டு போவதைப் பிடிக்காது. போர்ட்டின் எஃப்சிஎஸ் பிழை (பழுதாகி வந்த பக்கெட்) எண்ணிக்கையை அவ்வப்போது போய்ப் பார்ப்பதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை. முனையை மாற்றினால் சரியாகிவிடும், செலவு மிகச் சிறிது.

கரண்ட் விசயத்தில் எனக்குப் பாடம் எடுத்தவர் கிண்ணியாவிலிருந்து வந்த வயரிங் நானா. ரவுட்டருக்கு ஒன்றாக இரண்டு யூபிஎஸ் கேட்டு எடுத்திருந்தோம். அவர் அலுமாரியைப் பார்த்துவிட்டு, “ரெண்டு யூபிஎஸ்ஸையும் ஒரே மல்டிபிளக்கில குத்தினா என்ன தம்பி பிரயோசனம்? சுவிட்ச் ஒண்டுதானே, அது எதில நிக்கிது?” என்றார். கேள்வி இரண்டும் சரி. அவரே வேறு ப்ரேக்கரிலிருந்து இரண்டாவது சொக்கட் இழுத்துத் தந்தார். சுவிட்சையும் இரண்டாக்கினோம்: ரிசெப்ஷனும் கார்ட் மெசினும் ஒன்றில், விருந்தினர் வைஃபை மற்றதில். இரண்டு சுவிட்சையும் ஒரு வயரால் இணைத்து, ஒவ்வொரு ரவுட்டரையும் ஒவ்வொரு சுவிட்சில் குத்தினோம். ஃபைபர் பெட்டியும் 4ஜி பெட்டியும் யூபிஎஸ்ஸில் இருக்க வேண்டும் என்பது சொல்லாமலே விளங்க வேண்டியது. ஆனால் போகிற இடமெல்லாம் அந்த இரண்டும் சாதாரண சொக்கட்டில்தான் நிற்கின்றன.

இரண்டு லைன் என்று நாங்கள் சொல்வது உண்மையில் இரண்டா என்பதையும் கேட்டுப் பார்க்க வேண்டும். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின் நிலையத்தில் குரங்கு ஒன்று செய்த வேலையால் நாடு முழுவதும் கரண்ட் போனது நினைவிருக்கும். அப்படி நீண்ட நேரம் போனால் டவர் பட்டரி இறங்கும், 4ஜியும் போகும். 2022 மார்ச் கடைசியில் 13 மணித்தியால மின்வெட்டு வந்தபோதும் இதே பாடம்தான். புயலுக்கும் அப்படி. 2020 டிசெம்பர் 2ஆம் திகதி இரவு புரெவி எங்களுக்கு வடக்கே கரை கடந்தது. அந்த மாதிரி இரவில் கம்பத்து ஃபைபரும் டவரும் ஒரே காற்றில்தான் நிற்கின்றன. டவருக்கு வருகிற ஃபைபரும் எங்கள் ஃபைபரும் ஒரே கம்பத்தில் வரலாம். இரண்டு லைனையும் ஒரே கம்பனியிடம் எடுப்பதை நான் இதனால்தான் தடுப்பேன். கூரையில் வானம் பார்த்து வைக்கிற ஸ்டார்லிங்க் 2025 ஜூலையிலிருந்து இலங்கையில் கிடைக்கிறது. கம்பமும் டவரும் இல்லாத வழி என்பதால் மூன்றாவது லைனாக யோசிக்கலாம். ஆனால் நடுத்தர ஹோட்டலுக்கு அதற்கு முன் ஜெனரேட்டரை ஒழுங்காக வைத்திருப்பது முக்கியம்.

இழுத்துப் பார்ப்பது

சோதனை செய்ய நவம்பர் கடைசி, டிசெம்பர் நல்ல காலம். அறைகள் காலி, மழையும் உதவிக்கு வரும். பிளக்கை இழுப்பது சுலபமான சோதனை. அதில் தேறாத அமைப்பு இல்லை. மற்றவற்றைச் செய்யுங்கள். ஃபைபர் பெட்டியின் ஈதர்நெட் வயரை விட்டுவிட்டு, பச்சைத் தலையுள்ள ஒளி வயரைக் கழற்றுங்கள். 4ஜி பெட்டியின் சிம்மை எடுத்துவிட்டுப் பெட்டியை ஓடவிடுங்கள். மாஸ்டரின் லான் வயரை மட்டும் இழுங்கள். இரண்டு சுவிட்சுக்கும் இடையிலுள்ள வயரை இழுத்து, இரண்டு மாஸ்டர் உருவானால் என்ன நடக்கிறது என்று பாருங்கள். ஒவ்வொன்றையும் திரும்பக் குத்தும்போது என்ன நடக்கிறது என்பதை இன்னும் கவனமாகப் பாருங்கள். ஒரு லெப்டொப்பில் பிங் ஓடட்டும், கடைசி அறையில் ஒருவர் வட்ஸ்அப் கோலில் இருக்கட்டும், ரிசெப்ஷனில் கார்ட் மெசினில் ஒரு சின்னக் கொடுப்பனவு செய்து பாருங்கள். பிங்கை மட்டும் நம்பினால் டிஎன்எஸ் கோளாறும் பழைய இணைப்புக் கோளாறும் கண்ணில் படாது.

எல்லாம் சரியாக ஓடத் தொடங்கியதும் புதிதாக ஒரு பிரச்சினை முளைக்கும்: ஃபைபர் போனது ஒருவருக்கும் தெரியாது. முன்பு இணையம் நின்றால் மனேஜர் கூப்பிடுவார். இப்போது அமைதியாக 4ஜியில் ஓடும். விருந்தினர் இருபது பேர் இரவில் படம் பார்த்தால் டேட்டா கரைந்துவிடும், பிறகு அதுவும் போகும். ஆகவே லைன் மாறியதும், திரும்பியதும் டெலிகிராமில் செய்தி வரும்படி வைத்தேன், மனேஜருக்கும் எனக்கும். 4ஜியில் இருக்கும்வரை விருந்தினர் வைஃபை ஆளுக்கு 2 எம்பிபிஎஸ்; ரிசெப்ஷனுக்குக் கட்டுப்பாடு இல்லை. “தம்பி, நெட் ஸ்லோவா இருக்கு எண்டு நாலு பேர் சொல்லிப்போட்டினம்” என்று மனேஜர் ஒரு நாள் கூப்பிட்டார். “அண்ணன், டெலிகிராமைப் பாருங்க. ஃபைபர் காலமையே போயிட்டு. கம்பனிக்குச் சொல்லியாச்சா?” என்று கேட்டேன். சொல்லியிருக்கவில்லை. அதற்குப் பிறகு அந்தச் செய்தி ரிசெப்ஷன் போனுக்கும் போகிறது.

கடைசியாக, இரண்டு ரவுட்டரின் கொன்ஃபிக்கும் நாளாக நாளாக விலகிப்போகும். கமெரா பூட்ட வந்தவர் மாஸ்டரில் மட்டும் ஒரு போர்ட் ஃபோர்வர்ட் போட்டுவிட்டுப் போவார். கணக்காளர் வீட்டிலிருந்து வர ஒரு விபிஎன் பயனர், அதுவும் மாஸ்டரில் மட்டும். மாஸ்டர் மாறுகிற அன்றைக்குத்தான் குறை தெரியும். இரண்டின் கொன்ஃபிக்கையும் கிழமைக்கு ஒரு தடவை எழுத்து வடிவில் எடுத்து ஒப்பிட்டு, முகவரி, பெயர், முன்னுரிமை தவிர வேறு வித்தியாசம் இருந்தால் எனக்கு அனுப்புகிற ஒரு சிறு ஸ்கிரிப்ட் ஓடுகிறது. வெளி ஆட்களுக்குப் பாஸ்வேர்ட் கொடுப்பதையும் நிறுத்திவிட்டோம். என்ன வேண்டும் என்று தாளில் எழுதித் தரட்டும், இரண்டிலும் நானே போடுகிறேன். மென்பொருள் புதுப்பிப்பதும் இப்போது பகலிலேயே நடக்கிறது: முதலில் பேக்கப், அது எழும்பி இரண்டு லைனையும் கண்டதும் மாஸ்டரின் முன்னுரிமையை இறக்கி, மற்றதன் பறிக்கும் அனுமதியைக் கொஞ்ச நேரம் திறந்து பதவியை மாற்றி, பிறகு பழைய மாஸ்டர். திரும்பவும் அனுமதியை மூட மறக்கக் கூடாது. ஒப்பிடுகிற ஸ்கிரிப்ட் அதையும் பிடித்துச் சொல்லும்.